இறங்கிப் பார்த்த ராமேஸ்வரம்

கருத்தக்கண்ணனுக்கு மெதுவாகப் பேச வராது. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி மதுரை - ராமேஸ்வரம் தடம்தான். நெரிசலில் கடைசி சீட்டுக்காரருக்கும் கேட்கும்படி ஊர்ப் பெயர்களைக் கூவிப் பழகிய தொண்டை, ஆனையூர் வீட்டுக்குள் உட்கார்ந்த பிறகும் அடங்கவில்லை. "இவரு எங்கிட்ட காப்பி கேட்டா, மூணாவது வீட்டுல அடுப்பப் பத்த வைக்கிறாங்க" என்று அவர் மனைவி முத்துத்தாய் சொல்வாள்.

எத்தனையோ விதமான ஜனங்களை அவர் அந்தத் தடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். கங்கைத் தண்ணீரைச் செம்பில் அடைத்துக்கொண்டு வரும் வடக்கத்திக்காரர்கள், பிள்ளை வரம் கேட்டு வரும் புருஷன் பெண்டாட்டிகள், தகப்பன் அஸ்தியை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்க வாயே திறக்காத மகன்கள். பாஷை தெரியாதவர்களுக்குக் கையாலேயே வழி சொல்லிவிடுவார். ஆனால் அவர் ராமநாதசாமி கோயிலுக்குள் போனதில்லை. ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டில் இறங்குவார், ஒரு டீ குடிப்பார், கோயில் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். அதற்குள் திரும்புகிற நேரம் வந்துவிடும். "மதுரை, மதுரை!" என்று கூவத் தொடங்கிவிடுவார்.

வண்டியை ஓட்டியவர் பீர் முகமது. நெல்பேட்டைக்காரர். அதிர்ந்து பேச மாட்டார். கருத்தக்கண்ணனோடு சேர்ந்தே நெடுங்காலம் அந்தத் தடத்தில் ஓடியவர். இரண்டு பேருக்கும் நடுவே வாய்விட்டுப் பேசிக்கொள்ளாத ஒரு ஏற்பாடு இருந்தது. மடப்புரம் விலக்கு வந்தால் பீர் முகமது வேகத்தைக் குறைப்பார். கருத்தக்கண்ணன் படியில் நின்றபடியே காளியம்மனைக் கும்பிட்டுக்கொள்வார். சாயங்காலத் தொழுகை நேரம் வந்தால் கருத்தக்கண்ணன், "டீ சாப்பிடுறவங்க நிதானமாச் சாப்பிட்டு வாங்க, வண்டி எங்கயும் ஓடிறாது" என்று அறிவித்துவிடுவார். டீக்கடைக்குப் பின்னால் துண்டை விரித்துத் தொழுதுவிட்டு பீர் முகமது வந்து ஏறிய பிறகுதான் விசில் ஊதுவார்.

அடுத்தடுத்த வருடங்களில் இருவருக்கும் ஓய்வு வந்தது. மாலையோடு வீட்டுக்கு வந்த சில வாரங்களில், கருத்தக்கண்ணன் மனைவியிடம் சொன்னார்: "இம்புட்டுக் காலம் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்புன ஆளு நானு. ராமநாதசாமிய ஒரு தடவ முகத்துக்கு நேரா பாத்துட்டு வாரேன்."

"போயிட்டு வாங்க. எனக்குத்தான் முட்டி மடங்க மாட்டேங்குதே" என்றாள் முத்துத்தாய். அவரும் வற்புறுத்தவில்லை. தனியாகவே போனார்.

கடலில் முங்கினார். கிணறு கிணறாக நின்று தீர்த்தமாடினார். ஈர வேட்டியை மாற்றிக்கொண்டு சாமியைக் கண் குளிரப் பார்த்தார். வெளியே வந்து அந்த நீண்ட பிரகாரத்தில் நின்றார். தூண்கள் வரிசை பிடித்து ஓடி ஓடி, கடைசியில் ஒரு புள்ளியாய்ச் சிறுத்து நின்றன. அவருக்கு நெஞ்சு விம்மியது. "ஏ, இங்க பாரேன்!" என்று சத்தமாகச் சொல்லித் திரும்பினார். பக்கத்தில் யாரோ ஒரு தாடிக்காரர் நின்றிருந்தார். ஒன்றும் புரியாமல் மரியாதைக்குச் சிரித்துவிட்டு நகர்ந்துபோனார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். சாமி தரிசனத்தில் ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் கல்யாண வீட்டில் எல்லாரும் எழுந்து போன பிறகு, கடைசிப் பந்தியில் ஒற்றை இலை போட்டுச் சாப்பிட்டு வந்தது போல இருந்தது. சாப்பாடெல்லாம் நல்ல சாப்பாடுதான்.

"எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டாள் முத்துத்தாய்.

"நல்லா இருந்துச்சு."

"அம்புட்டுத்தானா? யாரோ டிக்கெட் எடுக்காம ஒளிஞ்ச கதைய ஒரு வாரம் சொல்லுவீக. சாமி பாத்துட்டு வந்து ரெண்டு வார்த்தைதானா?"

"நீயும் வந்திருந்தா பேசியிருப்பேன்."

முத்துத்தாய் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "ராமேஸ்வரம் கண்டக்டர் பொண்டாட்டி கடலப் பாத்ததில்லன்னு சொன்னா யாரு நம்புவா? கேக்குறவுகள்ட்ட எல்லாம் பாத்திருக்கேன்னே சொல்லிட்டுத் திரியிறேன். அலை பெருசா இருக்குமான்னு போன வாரம் எதுத்த வீட்டுப் புள்ள கேட்டுச்சு. ஆமாத்தா, பனை ஒசரம் இருக்கும்னேன்."

கருத்தக்கண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் என்னவோ போல ஆகிவிட்டது. "ஒரு நாள் நம்ம பஸ்ஸுல ஏறி வந்திருக்கலாம்ல?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டி, ஒங்க ஆத்தாளுக்குக் கஞ்சி வச்சுக் குடுத்து, பயலப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு, எந்த பஸ்ஸுல ஏறுறது?"

"சரி, இப்ப ஏறு."

"இப்ப முட்டி ஏற விடமாட்டேங்குது. விடுங்க, நான் டிவியிலேயே பாத்துக்கிறேன்."

மறுநாள் காலை கருத்தக்கண்ணன் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு நெல்பேட்டைக்குப் போனார். பீர் முகமது மாடியில் புறாக்களுக்குக் கம்பு போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். "மாப்ள, நானும் அந்த ஊர்ல பஸ் ஸ்டாண்டத் தாண்டுனதில்ல. இங்க வேற கதை ஓடுது. எம்மக ஹஃபீஸாவுக்கு ரொம்ப வருஷம் கழிச்சுப் பொறந்த புள்ளையில்லையா? புள்ளையத் தூக்கிட்டு ஏர்வாடி தர்காவுக்கு வாரேன்னு அமீருன்னிசா நேந்திருக்கு. புள்ள நடக்கவே ஆரம்பிச்சிருச்சு. நான்தான் இன்னைக்கு நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே இருக்கேன்."

"ரெண்டும் ஒரே ரோடுதானே பாய்! ராமநாதபுரத்துல ஒரு திருப்பம், அம்புட்டுத்தான். ஒரு வேன் பேசுவோம். ரெண்டு குடும்பமும் சேந்து போவோம்."

"தங்கச்சி முட்டி?"

அதற்குள் பீர் முகமதுவின் மனைவி அமீருன்னிசா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்கே வந்துவிட்டாள். பேச்சு கீழே சமையல்கட்டு வரை கேட்டிருக்கிறது. "அண்ணே, போனப் போட்டு எங்கிட்டக் குடுங்க" என்று வாங்கினாள்.

"அக்கா, நான் அமீரு பேசுறேன். முட்டி எனக்குந்தான் வலிக்குது. ரெண்டு பேரும் சேந்து நொண்டுவோம். இவுகள நம்பி நான் தனியாப் போக மாட்டேன். நீ வந்தாத்தான் நான் வருவேன். என் நேர்ச்சை நிறைவேறுறது இப்ப ஒன் கையில இருக்கு, பாத்துக்க."

அந்தப் பக்கம் முத்துத்தாய் என்ன சொன்னாளோ, அமீருன்னிசா போனைத் திருப்பிக் கொடுத்தபோது முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா புளியோதரை கிண்டுது. நான் தேங்காப்பால் சோறு ஆக்குறேன். கோயிலுக்குப் போற பயணம், கவுச்சியே வேணாம்."

வேனில் இடம் இருக்கிறது என்ற செய்தி அலங்காநல்லூரில் இருந்த அன்னக்கொடியின் காதுக்குப் போனது. கருத்தக்கண்ணனின் அக்கா. கணவர் இறந்த பிறகும் தோட்டத்தைத் தனியாளாகப் பார்க்கிறவள். அவளை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. பையோடு ஆனையூருக்கு வந்து இறங்கிய பிறகுதான் ஏர்வாடி விவரம் அவளுக்குத் தெரிந்தது.

"ஏண்டா, ராமேஸ்வரம் போற பயணத்துல தர்காவா? சாமிக் குத்தம் ஆகிறாது?"

வேறு நேரமாக இருந்தால் கருத்தக்கண்ணன் ஊருக்கே கேட்கும்படி பதில் சொல்லியிருப்பார். அன்றைக்கு நிதானமாகவே சொன்னார். "அக்கா, பாய் வண்டி ஓட்டுனாரு, நான் டிக்கெட் குடுத்தேன். ஏறுன சனத்துல ஒரு ஆளுக்கு ஒரு கீறல் விழுந்ததில்ல. அவரு சாமி காப்பாத்துச்சா, எஞ்சாமி காப்பாத்துச்சான்னு நாங்க பிரிச்சுப் பாத்ததில்ல. இம்புட்டுக் காலமும் அவரு என்னய ராமேஸ்வரத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஒரு நாள் நான் அவர ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"சரிடா. நான் வேனுக்குள்ளயே உக்காந்துக்கிறேன்" என்றாள் அன்னக்கொடி.

வேன் ஓட்ட வந்தவன் விருமாண்டி என்ற இளைஞன். பாவம், அன்றைக்கு யார் முகத்தில் விழித்தானோ. அவனுக்கு நேர் பின்னால் பீர் முகமது. கை இரண்டையும் மடியில் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் அவர் கால் தானாகவே இல்லாத பிரேக்கை மிதித்தது. கருத்தக்கண்ணனோ சீட்டிலேயே உட்காரவில்லை. கதவோரம் நின்றுகொண்டு, "திருப்புவனம் தாண்டியாச்சு! மானாமதுரை வருது!" என்று அறிவித்துக்கொண்டே வந்தார். "அண்ணே, இந்த வண்டில யாரும் நடுவுல இறங்கப்போறதில்லண்ணே" என்றான் விருமாண்டி. வேன் சிரித்தது. மடப்புரம் விலக்கில் யாரும் சொல்லாமலே அவன் வேகத்தைக் குறைத்தான். கண்ணாடி வழியாக பீர் முகமது அவனுக்கு ஜாடை காட்டியிருந்தார்.

ஹஃபீஸாவின் பெண் குழந்தை மானாமதுரை தாண்டியதும் சிணுங்க ஆரம்பித்தது. தாயிடம் அடங்கவில்லை, அமீருன்னிசாவிடமும் அடங்கவில்லை. "இங்க குடு" என்று அன்னக்கொடி வாங்கித் தோளில் போட்டுத் தட்டினாள். அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது. ஏர்வாடியில் இறங்கும்போது ஹஃபீஸா கை நீட்டினாள். குழந்தை அன்னக்கொடியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வீறிட்டது. பிரித்தெடுக்கப் பிரித்தெடுக்க அழுகை கூடியது.

"நேர்ச்சையே இவளுக்குத்தான். இவள விட்டுட்டு உள்ள போயி என்ன செய்யிறது?" என்று விழித்தாள் அமீருன்னிசா.

அன்னக்கொடி ஒரு நிமிடம் வாசலைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "நடங்க. புள்ள அழுகுதுல்ல" என்று முன்னால் நடந்தாள்.

உள்ளே ஊதுபத்திப் புகையும் சந்தன வாசமும் சூழ்ந்திருந்தன. மனசு சரியில்லாதவர்களை அழைத்து வந்து தங்கியிருந்த குடும்பங்கள் ஆங்காங்கே உட்கார்ந்திருந்தன. நெற்றியில் குங்குமம் வைத்த ஒரு தாய், வளர்ந்த மகனின் தலையை மடியில் வைத்துச் சீப்பால் வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். அன்னக்கொடி அவள் பக்கத்தில் நின்றுவிட்டாள். "எந்த ஊருத்தா?" என்று கேட்டாள். உசிலம்பட்டிப் பக்கம் என்றாள் அந்தப் பெண். "எங்க போயும் தூங்காத பய இங்க வந்து தூங்குறான். அதான் இருக்கேன்."

அமீருன்னிசாவின் நேர்ச்சை நல்லபடியாக முடிந்தது. குழந்தைக்காக ஓதி, எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தார்கள். கருத்தக்கண்ணன் தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, பீர் முகமதுவின் பக்கத்தில் கண் மூடி நின்றார். பஸ்ஸின் பின்கண்ணாடிக்கு அப்பால் தொழ மட்டுமே பார்த்திருந்த நண்பரின் வேண்டுதலை முதன்முதலாகப் பக்கத்தில் நின்று கேட்டார். வார்த்தை புரியவில்லை. தன் பெயரும் முத்துத்தாயின் பெயரும் நடுவில் வந்தது மட்டும் புரிந்தது.

வெளியே வந்ததும் அக்காவைச் சீண்டினார். "உள்ள என்னக்கா வேண்டுன?"

"ஒங்கிட்டச் சொல்றதுக்கா வேண்டுனேன்? போடா" என்றாள் அன்னக்கொடி. அவள் கண் சிவந்திருந்தது. வேனில் ஏறியதும், "அந்தச் சோத்த எடு அமீரு, பசிக்குது" என்றாள். தேங்காப்பால் சோற்றை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

வெயில் சாய்ந்தபோது பாம்பன் பாலம் வந்தது. கருத்தக்கண்ணன் அறிவிப்பு எதுவும் செய்யவில்லை. முத்துத்தாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஜன்னலைத் திறந்துவிட்டார். இரண்டு பக்கமும் தண்ணீர். கீழே சின்னச் சின்னதாய்ப் படகுகள். வானம் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. முத்துத்தாய் ஒரு பக்கம் பார்ப்பாள், உடனே அந்தப் பக்கம் திரும்புவாள், எதை விடுவது எதைப் பார்ப்பது என்று தெரியாமல்.  பாலம் முடிந்ததும், "இம்புட்டுத் தண்ணியா!" என்றாள். "ஒரு வாய்க்கா தண்ணிக்கு நம்ம ஊர்ல வெட்டுக்குத்து நடக்குது."

மறுநாள் விடிகாலை எல்லாரும் கோயிலுக்கு எதிரே அக்னி தீர்த்தத்தில் நின்றார்கள். முத்துத்தாய் அமீருன்னிசாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியிறங்கினாள். தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டாள். சுற்றிலும் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"ஏங்க, இது என்ன நம்ம கம்மாய் மாதிரி கெடக்கு? அலையக் காணோம்?"

"இங்க கடல் சாதுவாத்தான் இருக்கும்."

"நான் எதுத்த வீட்டுப் புள்ளைக்குப் பனை ஒசரம்னு சொல்லியிருக்கேன்."

மற்றவர்கள் கோயிலுக்குள் போக, பீர் முகமது குடும்பம் கரையிலேயே தங்கிக்கொண்டது. செருப்பும் பைகளும் அவர்கள் காவல். அன்னக்கொடி தீர்த்தக் கிணறு ஒன்று பாக்கியில்லாமல் வாளி வாளியாக ஊற்றச் சொல்லி நனைந்தாள். முத்துத்தாய்க்கு ஈரக்கல் ஆகாது என்று கருத்தக்கண்ணன் ஒரு சக்கர நாற்காலி கேட்டு வாங்கினார். "நொண்டி மாதிரி தள்ளிட்டுப் போவீகளா? நடந்தே வாரேன்" என்று அவள் அடம்பிடித்தாள்.

"இது பஸ்ஸுல முன்சீட்டு மாதிரி. எல்லாருக்கும் கெடைக்காது. உக்காரு."

உட்கார்ந்தாள். அவர் தள்ளிக்கொண்டு போனார். சந்நிதியில் முத்துத்தாய் எட்டி எட்டிப் பார்த்தாள். தீபாராதனை ஏறி இறங்கிய வெளிச்சத்தில் சாமி தெரிந்ததும் பின்னால் கை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் நகர்த்தும் வரை விடவில்லை. போன தடவை பார்த்த அதே சாமிதான். ஆனால் இந்தத் தடவை அவர் நெஞ்சில் ஒன்றும் மிச்சமில்லாமல் நிறைந்தது. பிரகாரத்துக்கு வந்ததும் தொண்டை திறந்துகொண்டது. இந்தத் தூணைப் பார், அந்த விதானத்தைப் பார், கோடியில் எப்படிச் சிறுத்துப் போகிறது பார் என்று கூவிக்கொண்டே தள்ளினார். வடக்கத்திக்காரர் சிலர் வழிகாட்டி என்று நினைத்துப் பின்னாலேயே வந்தார்கள். "எல்லாரையும் கூட்டிட்டு வாங்க, வண்டில எடம் இருக்கு" என்றாள் முத்துத்தாய்.

வெளியே வந்ததும் கருத்தக்கண்ணன் முடிவு செய்துவிட்டார். "விருமாண்டி, வண்டிய அரிச்சல்முனைக்கு விடு. இவளுக்கு அலை காட்டணும்."

தனுஷ்கோடி தாண்டி நேராகப் போன ரோடு கடலுக்குள் போய் முடிந்தது. ஒரு பக்கம் கடல் அடங்கிக் கிடந்தது. மறுபக்கம் காற்றோடு சீறிக்கொண்டு வந்தது. பனை உயரம் இல்லைதான். ஆள் உயரத்துக்கு நிச்சயம் இருந்தது. முத்துத்தாயும் அமீருன்னிசாவும் கை கோத்துக்கொண்டு, ஆளுக்கொரு காலை நொண்டியபடி மணலில் இறங்கினார்கள். "கால மட்டும் நனைச்சிட்டு வந்துருவோம்" என்று அமீருன்னிசா சொல்லி வாய் மூடவில்லை. ஒரு அலை வந்து இருவரையும் அப்படியே உட்காரவைத்துவிட்டுப் போனது. புர்காவும் சேலையும் தொப்பலாக நனைய, இரண்டு பேரும் எழுந்திருக்க முடியாமல் சிரித்தார்கள். அன்னக்கொடி தூக்கிவிடப் போனாள். அடுத்த அலை அவளையும் சேர்த்துக்கொண்டது. ஹஃபீஸா குழந்தையை இடுப்பில் வைத்தபடி கரையில் நின்று செல்போனில் படம் பிடித்தாள்.

நண்பகல் தொழுகை நேரமாகியிருந்தது. பீர் முகமது உலர்ந்த மணலாகப் பார்த்துத் துண்டை விரித்தார். காற்று அதைத் தூக்கித் தூக்கிச் சுருட்டியது. கருத்தக்கண்ணன் தன் செருப்புகளைக் கழற்றக் குனிந்தார். பிறகு அது முறையில்லை என்று தோன்ற, நாலு கல் பொறுக்கி வந்து நாலு மூலையிலும் வைத்தார். நண்பர் தொழுது முடிக்கும் வரை கொஞ்சம் தள்ளி நின்று கடலைப் பார்த்துக் கைகூப்பினார்.

"இங்கயும் அவன்தான் மாப்ள" என்றார் பீர் முகமது, துண்டை உதறியபடி.

"அதுல என்ன சந்தேகம் பாய்?" என்றார் கருத்தக்கண்ணன். "வாங்க, பொம்பளைகள கடல்ல இருந்து மீட்டுக் கொண்டுவரணும்."

திரும்பும் வழியில் மண்டபம் பக்கம் நிறுத்தி மீன் சாப்பிட்டார்கள். சாமி பார்த்தாகிவிட்டதே, இனி என்ன விரதம் என்று அன்னக்கொடிதான் முதலில் கேட்டாள்.

அந்தப் பயணத்தோடு முடிந்திருந்தால் இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனையூர் வந்து சேர்ந்த மறுநாளே முத்துத்தாய் வாசலில் உட்கார்ந்து கதையை ஆரம்பித்துவிட்டாள். எதிர்வீட்டுப் பெண்ணிடம் அலையின் உயரத்தைத் திருத்திச் சொன்னாள். ஆனால் வேகத்தைக் கூட்டிக்கொண்டாள். கருத்தக்கண்ணன் குறுக்கே ஏதாவது சொன்னால், "சும்மா இருங்க, நான்தானே விழுந்தேன்?" என்று கையமர்த்தினாள். அவர் வாழ்க்கையில் வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருந்த கதை அது ஒன்றுதான். கேட்கக் கேட்க அவருக்கு அலுக்கவே இல்லை. அலங்காநல்லூரில் அன்னக்கொடி வேறு ஒரு கதை சொன்னாள். அதில் ஏர்வாடிதான் பெரிதாக வந்தது.

கேட்டவர்களெல்லாம் தங்களுக்கும் ஒரு இடம் பிடித்து வைக்கச் சொன்னார்கள். அடுத்து பழனி போனார்கள். மலையில் ஏற முடியாதவர்களை இழுவை ரயிலில் ஏற்றிவிட்டு, பீர் முகமது அடிவாரத்தில் பஞ்சாமிர்தத்தை ருசி பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்து நாகூர். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் அருள்பாண்டி, "ஏம்ப்பா, ரிட்டயர்டு ஆயிட்டீங்கன்னு நெனச்சேன்" என்று போனில் சிரித்தான். "இப்பத்தாண்டா டூட்டியில சேந்திருக்கேன்" என்றார் இவர்.

போன வாரம் வேளாங்கண்ணிக்குத் தேதி குறித்தார்கள். அன்னக்கொடி ஊரிலிருந்து ஒரு கூட்டமே வருகிறது. வேன் போதாது, பெரிய வண்டிதான் பிடிக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தஞ்சாவூரில் நிறுத்துவதா, திருவாரூரில் நிறுத்துவதா என்று கருத்தக்கண்ணனும் பீர் முகமதுவும் போனிலேயே சண்டை போட்டார்கள். முத்துத்தாய் போனைப் பிடுங்கி, "அண்ணே, எங்க பசிக்குதோ அங்க நிறுத்துவோம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஜன்னலோரச் சீட்டு தனக்கும் அமீருன்னிசாவுக்கும்தான் என்பதையும் அப்போதே உறுதி செய்துகொண்டாள்.